பொட்டி வலது, போன் இடது

எனக்கும் என் புருஷனுக்கும் கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். சண்டைக்கு நாங்கள் ஒரு நாளும் பஞ்சம் வைத்ததில்லை. இந்த வருஷத்துச் சண்டை ஒரு ஜிபிஎஸ் பொட்டியால் வந்தது.

பொட்டி என் தம்பி நிவேந்திரனுடையது. கிளேபாங்கில் இருக்கிறான், சனி ஞாயிறு வந்தால் எங்கேயாவது மலையேறக் கிளம்பிவிடுவான். கையில் பிடித்தால் கனமாக இருக்கும், சின்னத் திரை, நாலைந்து பித்தான். இதில் யாரோடும் பேச முடியாது, படம் பார்க்க முடியாது. வழி மட்டும் சொல்லும். போன வருஷம் எங்களோடு முனியாண்டி கோயிலுக்கு வந்தவன் அந்த இடத்தை அதில் குறித்து வைத்திருந்தான். இந்த வருஷம் அவனால் வர முடியாது என்று பொட்டியை என்னிடம் கொடுத்தனுப்பினான்.

கோயில் என்றதும் கோபுரத்தை நினைக்க வேண்டாம். ஒரு கல், ஒரு வேல், அவ்வளவுதான். மஸ்ஜித் தானா ரோட்டிலிருந்து உள்ளே போனால் என் அப்பா ரப்பர் பால் வெட்டிய தோட்டம். அது கைமாறிப் பல வருஷமாகிறது. முன்பக்கம் எண்ணெய்க்காகச் செம்பனை நட்டுவிட்டார்கள். பின்பக்கத்து ரப்பரைக் கவனிப்பாரில்லை, அது காடாகிவிட்டது. முனியாண்டி அந்தக் காட்டுக்குள் இருக்கிறார். வருஷத்துக்கு வருஷம் பாதை மாறிவிடும்.

இந்த முறை வேண்டுதல் என் புருஷனுடையது. சர்க்கரை வியாதியால் வந்த கால் புண் ஆறினால் முனியாண்டிக்குப் பொங்கல் வைத்துச் சுருட்டுப் படைப்பதாக நேர்ந்திருந்தார். புண் ஆறிவிட்டது. பூசை முடியும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது என்று விரதமும் எடுத்துக்கொண்டார். காலையில் எழுந்தவர் பழக்கதோஷத்தில் இன்சுலின் ஊசியையும் போட்டுக்கொண்டார்.

ஊசி போட்டால் சாப்பிட்டாக வேண்டும். சாப்பிடாவிட்டால் சர்க்கரை இறங்கிக்கொண்டே போகும், கை நடுங்கும், புத்தி தடுமாறும், கடைசியில் ஆளையே சாய்த்துவிடும். இதை ஒரு நாளைக்குப் பத்துப் பேருக்குச் சொல்வதுதான் ரெம்பியா கிளினிக்கில் என் வேலை. அன்றைக்கு அவர் ஊசி போட்டதை என் கண்ணால் பார்த்தேன். சொல்ல வாயெடுத்த நேரத்தில் அவர் மேசை மேல் கிடந்த பொட்டியைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னா திலகா இது, உன் தம்பி டிவி ரிமோட்ட குடுத்து வுட்டுட்டானா?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஊசி விஷயம் அதோடு மறந்துபோனது.

பத்தே காலுக்குக் காடி பழைய பலகைப் பாலத்தருகே நின்றது. அதற்கு மேல் கார் போகாது, நடைதான். பாலத்தைத் தாண்டினால் பாதை இரண்டாகப் பிரிகிறது. பொட்டியின் அம்பு வலது பக்கம் காட்டியது. அவருடைய போன் இடது பக்கம் காட்டியது. யாரோ புண்ணியவான் போன் மேப்பில் 'முனியாண்டி கோயில்' என்று ஒரு புள்ளி வைத்திருந்தான்.

"போன்ல சாட்டிலைட் படமே இருக்கு. கோலாலம்பூர் முழுக்க இத வச்சுத்தான லோரி ஓட்டறேன்? ஒரு நாளாச்சும் தப்பான எடத்துக்குப் போயிருக்கேனா?"

"அது டவுன்லா. இங்க லைன் இல்லாட்டி உங்க போனு வெறும் கண்ணாடி. இதுக்கு லைனே வேணாம்."

"அப்ப நீ உன் பொட்டியோட போ. நான் போனோட போறேன்."

"போங்க. யாரு மொதல்ல போய்ச் சேர்றாங்கன்னு பாத்துடுவோம்."

இந்தக் கடைசி வார்த்தை என்னுடையது. பொங்கல், பழம், பானகப் பாட்டில் எல்லாம் என் பையில் இருந்தன. அவர் கற்பூரத்தையும் சுருட்டையும் எடுத்துக்கொண்டு விசில் அடித்தபடி இடது பக்கம் போனார்.

பொட்டி என்னைச் சரியாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. பதினோரு மணிக்கு வேலின் முன்னால் நின்றேன். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. முனியாண்டியைக் கும்பிடுவதற்கு முன்னால், அவர் வந்து நிற்கும்போது என்ன சொல்லிக் குத்திக்காட்டலாம் என்றுதான் யோசித்தேன். இடத்தைக் கூட்டினேன், இலை விரித்தேன், இரண்டு மூன்று வசனம் தயார் செய்தேன்.

பதினொன்றே கால் ஆனது. பதினொன்றரையும் ஆனது. மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. பானகப் பாட்டிலை எடுத்து வைக்கும்போது அதன் வெல்ல வாசனை மூக்கில் ஏறியது, அப்போதுதான் ஊசி ஞாபகம் வந்தது.

காலை ஏழு மணிக்கு ஊசி. நேற்று ராத்திரி சாப்பிட்டதோடு சரி. அதன்மேல் காட்டில் நடை. அவரிடம் ஒரு மிட்டாய்கூட இல்லை. தின்னக்கூடிய எல்லாவற்றையும் நான் தூக்கிக்கொண்டு வந்திருந்தேன்.

என் போனில் லைன் இல்லை. பொட்டியைப் பார்த்தேன். நான் எங்கே நிற்கிறேன், காடி எங்கே நிற்கிறது என்று சுத்தமாகக் காட்டியது. அவர் எங்கே என்று அதைக் கேட்டு என்ன பிரயோஜனம்? அதற்குத் தெரிந்ததெல்லாம் நான் ஒருத்திதான்.

கோயிலுக்குப் பின்னால் ஒரு மேடு. பானகத்தைத் திரும்பப் பைக்குள் போட்டு மாட்டிக்கொண்டு கையும் காலும் ஊன்றி ஏறினேன். உச்சியில் ஒரே ஒரு கோடு லைன் வந்தது. உடனே போன் கையில் அதிர்ந்தது. அவரிடமிருந்து ஒரு குரல் செய்தி, கூடவே அவர் நின்ற இடத்தின் புள்ளி. அனுப்பியது பதினொன்று இருபதுக்கு. அங்கேயும் ஒரு நொடி லைன் வந்திருக்க வேண்டும். இப்போது மணி பன்னிரண்டாகப் போகிறது.

"திலகா... மேப்பு வெள்ளையா கெடக்கு. நீலப் புள்ளி மட்டும் நிக்கிது. வழி இல்ல... ஒண்ணும் இல்ல. எனக்கு ஒரு மாரியா வருது..."

குடித்தவன் பேசுவது போல நாக்கு குழறியது. அவர் குடிக்கிற ஆளில்லை. அந்தக் குழறலை நான் கிளினிக்கில் கேட்டிருக்கிறேன். அடுத்து என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும்.

அவருக்குப் போன் அடித்தேன், போகவில்லை. தம்பிக்கு அடித்தேன், எடுத்தான். விஷயத்தைச் சொல்லிப் புள்ளியை அவனுக்கு அனுப்பினேன்.

"அக்கா, நான் பொம்பாவுக்கு சொல்லிடறேன். தீயணைப்பு ஆளுங்க வர ஒரு மணி நேரமாச்சும் ஆகும். நீ அங்கயே இரு, நவராத!"

"ஒரு மணி நேரம் உங்க மாமா தாங்க மாட்டாருடா. அந்த எடத்தோட நம்பரப் படி. பொட்டில அடிக்கறேன்."

அட்சரேகை, தீர்க்கரேகையை அவன் ஒவ்வொரு எண்ணாகப் படித்தான். இரண்டு தரம் தப்பாக அழுத்தி மூன்றாம் தரம் சரியாக அழுத்தினேன். அறுநூற்று நாற்பது மீட்டர் என்றது பொட்டி. சமதரையில் பத்து நிமிட நடை. அந்தக் காட்டில் அரை மணி நேரம் பிடித்தது. முள் சேலையைக் கிழித்தது. அட்டை காலில் ஏறியதைப் பார்த்தேன், பிடுங்க நிற்கவில்லை. மழையும் பிடித்துக்கொண்டது. ஐந்நூறு, முந்நூறு, நூறு என்று எண் இறங்க இறங்க, என்ன பார்க்கப் போகிறேனோ என்ற பயம் ஏறிக்கொண்டே போனது.

கடைசியில் பொட்டி பீப் என்றது. அந்த இடத்தில் யாரும் இல்லை. நனைந்த கற்பூரப் பொட்டலம் மட்டும் ஒரு ரப்பர் மரத்தடியில் கிடந்தது.

அவர் இருந்த இடம் அது. இருக்கிற இடத்தை எந்தச் சாமானும் சொல்லாது. 'ஏங்க' என்று கூப்பிட்டால் அந்த மழையில் எங்கே கேட்கப்போகிறது என்று தோன்றியது. அடித்தொண்டையிலிருந்து அவர் பேரைச் சொல்லிக் கத்தினேன்.

"கணேஸ்வரன்! கணேஸ்வரன்!"

வலது பக்கம் சருகு நொறுங்கியது. ஆள்தான். நெஞ்சு குளிர்ந்து மறுபடியும் கத்தினேன். சத்தம் நகர்ந்தது. என் பக்கம் வரவில்லை, விலகிப் போனது. இன்னொரு முறை கத்தினேன், அது ஓடியது.

அது அவரில்லையோ, வேறு எதுவோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். பிறகுதான் புத்தியில் அறைந்தது. பத்தொன்பது வருஷத்தில் நான் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. எங்கள் வீட்டில் எந்தப் பொம்பளையும் புருஷன் பேரைச் சொன்னதில்லை. போதாததற்குக் காட்டில் பொம்பளைக் குரல் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதே, பதில் கொடுக்காதே, ஓடு என்று தோட்டத்தில் பிறந்த எல்லோருக்கும் சின்ன வயதிலேயே சொல்லி வைத்திருக்கிறார்கள். புத்தி தடுமாறிய மனுஷன் என் குரலைக் கேட்டுப் பேய் என்று ஓடிக்கொண்டிருந்தார். ஓட ஓடச் சர்க்கரை இன்னும் இறங்கும். அவரைத் துரத்திக்கொண்டிருந்தது நான்.

வாயை மூடிக்கொண்டேன். சத்தம் போன திக்கில் மெதுவாக நடந்தேன்.

ஒரு பள்ளத்தில் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்து, கண் நிலைகுத்தி, மழையிலும் தெரிகிற மாதிரி வேர்த்திருந்தது. என்னைப் பார்த்ததும் காலை உதைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார்.

"போ... போயிரு... என் சம்சாரம் மாரி வராத..."

"நாந்தாங்க. திலகா. இதக் குடிங்க."

பானகப் பாட்டிலைத் திறந்து வாயருகே கொண்டுபோனேன். பல்லைக் கிட்டித்துக்கொண்டார். காட்டில் பேய் கொடுப்பதைத் தின்னக் கூடாது, அதுவும் சின்ன வயதுப் பாடம். மூக்கைப் பிடித்தேன், தலையைத் திருப்பிக்கொண்டார். கெஞ்சினேன். அழுதேன். "உங்க போனுதாங்க சரி, நாந்தான் தப்பு" என்றுகூடச் சொன்னேன். அதைக் கேட்டதும் அவர் கண்ணில் பயம் இரண்டு மடங்கானது. அவர் பெண்டாட்டி அப்படிச் சொல்லவே மாட்டாள் என்று அந்த நிலையிலும் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அவர் தலை ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தது. மயங்கிவிட்டால் வாய்வழியாக எதையும் கொடுக்க முடியாது. எனக்குப் பயம் முற்றிக் கோபமாகிவிட்டது. பொட்டியை எடுத்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"இந்தா பாருங்க! டிவி ரிமோட்டுன்னு சொன்னீங்கள்ல? இந்த ரிமோட்டுதான் என்னைய கோயில்ல கொண்டு போய் வுட்டுச்சு. உங்க போனு உங்கள எங்க கொண்டு வந்து தள்ளியிருக்கு பாருங்க, பாரிட்டுப் பள்ளத்துல! பெரிய லோரி டிரைவராம்! கோலாலம்பூராம்! கண்ணக் கட்டி வுட்ட மாடுகூட உங்கள வுட நல்லா வழி கண்டுபுடிக்கும்!"

அவர் கண் மெல்ல என் பக்கம் திரும்பியது. உதடு அசைந்தது. பதில் சொல்லாமல் அவரால் இருக்க முடியாது, ஒரு நாளும் இருந்ததில்லை.

"உன் பொட்டி... மட்டும்..."

வாய் திறந்ததுதான் தாமதம், பானகத்தை ஊற்றினேன். பாதி சட்டையில் வழிந்தது. மீதியை விழுங்கினார். இன்னும் ஊற்றினேன், விழுங்கினார். சாமிக்குப் படைக்காததை ஊட்டுகிறேனே என்ற நினைப்பு வந்தது. முனியாண்டி வேண்டுமானால் என்னிடம் வந்து கேட்டுக்கொள்ளட்டும்.

கால் மணி நேரம் கழித்துத்தான் அவர் முகத்தில் ரத்தம் வந்தது. என்னை ஏற இறங்கப் பார்த்தார். கிழிந்த சேலையையும் அட்டையையும் பார்த்தார்.

"யாரோ பேரு சொல்லிக் கூப்புட்டாங்க திலகா. ஓடிட்டேன்."

"நாந்தாங்க கூப்புட்டேன்."

பொங்கலை உருண்டை பிடித்துக் கொடுத்தேன், வாங்கிச் சாப்பிட்டார். எனக்கு ஒன்றைச் சொல்லாமல் அந்த இடத்தை விட்டு எழ முடியவில்லை.

"காலைல நீங்க ஊசி போட்டத நான் பாத்தேங்க. சாப்புடலன்னும் தெரியும். பாலத்துக்கிட்ட உங்களத் தனியா வுட்டுட்டு ஜெயிக்கணும்னு போயிட்டேன்."

மழை விட்டிருந்தது. தூரத்தில் பொம்பாக்காரர்களின் விசில் கேட்டது.

"எனக்கும் நடுவுல ஞாபகம் வந்துச்சு" என்றார். "கை நடுங்க ஆரம்பிச்சப்பவே தெரியும். திரும்பி வந்திருக்கலாம். நீ சிரிப்பேன்னுதான் மேல நடந்தேன்."

அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. காட்டில் வந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. நான் சிரிப்பேன் என்று என் புருஷன் சாகப் பார்த்திருக்கிறார். அவர் மடியில் தலையை வைத்துக்கொண்டு, விசில் சத்தம் கிட்டே வரும்வரை அப்படியே கிடந்தேன்.