எது அடி, எது நுனி

முதல் மரம் ஒழுங்கு மரியாதையாக மிதந்தது. மண் கறை படிந்த முனை தண்ணீரில் கொஞ்சம் தாழ்ந்தது, மறுமுனை எழும்பியது. மரத்துக்கு அடிப்பக்கம் கனம், நுனிப்பக்கம் லேசு. மண்ணுக்குள் நின்ற பக்கம்தான் அடி என்று மஸ்தான் பாய் சுண்ணாம்பில் ஒரு கோடு போட்டார். பிறகு ஜோடி மரத்தைத் தொட்டிக்குள் தள்ளினார். அதில் மண் கறை படிந்த முனை மேலே எழும்பி நின்றது.

மரத்தை உருட்டினார், திருப்பிப் போட்டார், கையால் அமுக்கிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் கறைப் பக்கம் விருட்டென்று மேலே வந்தது. தொட்டித் தண்ணீர் தேத்தண்ணி நிறத்துக்கு மாறியதுதான் மிச்சம்.

மஸ்தானுக்குக் காரிமங்கலத்தில் தச்சுப் பட்டறை. புது மரம் வாங்கி இழைப்பதில் அவருக்கு ருசியே கிடையாது. இடிந்த வீட்டின் உத்தரம், ஓடாத செக்கு, அச்சு முறிந்த வண்டி என்று எங்கே பழைய மரம் கிடந்தாலும் மனுஷனுக்கு மூக்கில் வேர்த்துவிடும். கிணற்றுக்குக் கிணறு கரண்டு மோட்டார் வந்த பிறகு அவருக்கு யோகம் அடித்தது. மாடு கட்டி நீர் இறைத்த கவலைகள் சும்மா கிடந்தன. கிணற்று விளிம்பில் உருளையைத் தாங்கி நின்ற தூண்களை, வெயிலில் காய்ந்து வடக்கயிறு உரசி வழுவழுத்த அந்தத் தூண்களை, அவர் ஊர் ஊராகப் போய்ப் பெயர்த்து வந்தார்.

இந்த ஜோடி கம்பைநல்லூர்ப் பக்கத்துக் கிணற்றிலிருந்து வந்தது. இரண்டும் பென்னாகரத்துக் காட்டு வேங்கை. கேட்டவள் நஞ்சம்மாள். காரிமங்கலத்தில் அவளும் புருஷன் குப்புராஜும் புது வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். அவளுக்குத் தேக்கு வேண்டாம், மெருகு வேண்டாம். செத்துப்போன அப்பா ராஜப்பன் ஓட்டிய கவலையின் தூண்கள்தான் தலைவாசலுக்கு நிலைக்கால்களாக நிற்க வேண்டும். அண்ணன் வெங்கடாசலத்திடம் போய்க் கேட்டாள். முடியாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஏனென்றும் சொல்லவில்லை. காய்ந்து கிடக்கும் கட்டையைக்கூடக் கொடுக்க மனசில்லாதவன் ஒரு அண்ணனா என்று அழுதுகொண்டே பஸ் ஏறி வந்தவள், அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

பிறகுதான் மஸ்தானை அனுப்பினாள். அவர் போய், கிருஷ்ணகிரியில் ஒரு கடைக்கு என்று கூசாமல் ஒரு பொய் சொன்னார்.

"கடைக்கா? தாராளமா எடுத்துக்கங்க பாய்" என்றான் வெங்கடாசலம். "வூட்டு வாசலுக்கு மட்டும் ஆருக்கும் குடுத்துராதீங்க."

மரம் கிடைத்த குஷியில் மஸ்தான் அந்தப் பேச்சைக் காதில் வாங்கினாரே தவிர மனசில் வாங்கவில்லை. இப்போது நஞ்சம்மாளின் புது வீட்டுத் தொட்டி ஓரம் நனைந்த வேட்டியோடு நிற்கும்போது அது வந்து உறுத்தியது.

நிலைக்கால் என்றால் மரம் காட்டில் எப்படி நின்றதோ அப்படியே நிற்க வேண்டும். அடி கீழே, நுனி மேலே. தலைகீழாக வைத்தால் வீடு விளங்காது என்பது ஜனங்களின் நம்பிக்கை. மஸ்தானுக்கு அது நம்பிக்கையோ இல்லையோ, தொழிலில் அவர் அதை மீறியதில்லை. ராஜப்பனோ இந்த விஷயத்தில் ஒரு படி மேலே. மாட்டுக் கொட்டகைக் காலை ஒரு ஆசாரி தலைகீழாக நட்டார் என்று அவரைச் சோறுகூடப் போடாமல் விரட்டிவிட்ட மனுஷன் என்று நஞ்சம்மாள்தான் பெருமையாகச் சொல்லியிருந்தாள். அப்பேர்ப்பட்டவருடைய கிணற்றில் தலைகீழாக ஒரு தூண் எப்படி நிற்கும்?

"என்னுங்க பாய், அடி தெரிஞ்சுதா?" என்று கேட்டுக்கொண்டே நஞ்சம்மாள் வந்துவிட்டாள்.

மஸ்தான் தொட்டியைக் காட்டினார். அவள் தண்ணீரைப் பார்த்தாள். மண் கறையைப் பார்த்தாள். முகம் சுண்டிப்போயிற்று.

"இது எங்கப்பா மரமே இல்லீங்க. ஒண்ண வெச்சுக்கிட்டு வேற எதையோ மாத்திக் குடுத்துட்டான். பெத்த அப்பன் மரத்துலயும் திருட்டா?"

"ஆத்திரப்படாதீங்கம்மா. ரெண்டும் ஒரே மரத்துல அறுத்த மாதிரிதான் இருக்குது."

"அப்ப எங்கப்பா தப்பா நட்டாருங்கிறீங்களா?"

ஆமாம் என்றால் அப்பாவுக்கு இழுக்கு, இல்லை என்றால் அண்ணன் திருடன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாகிவிட்டது. நாளைக்குச் சொல்கிறேன் என்று மரங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு பட்டறைக்குக் கிளம்பிவிட்டார்.

பட்டறையில் மரத்தைத் துடைக்கும்போதுதான் அது கண்ணில் பட்டது. உருளையின் அச்சு போகத் துளை வேண்டும். இரண்டு மரத்திலும் மேல்பக்கம் துளை இருந்தது, சரி. ஆனால் இரண்டாவது மரத்தில், மண்ணுக்குள் கிடந்த முனைப் பக்கமும் வட்டமாக ஏதோ தெரிந்தது. கணு என்றுதான் அவர் முதலில் நினைத்திருந்தார். உளியால் நெம்பியதும் மரமுளை ஒன்று கழன்று கையில் விழுந்தது. உள்ளே இன்னொரு அச்சுத் துளை. அச்சு உருண்டு உருண்டு தேய்ந்த துளை.

ஒரே மரத்துக்கு மேலேயும் துளை, கீழேயும் துளை.

"ஒரு கட்டைய வெச்சுக்கிட்டு இத்தன நேரமா முழிக்கிறீங்களே" என்றாள் டீ கொண்டுவந்த மனைவி ஜுபைதா. "நட்டவங்களப் போய்க் கேக்க வேண்டியதுதான?"

"நட்டவரு மவுத்தாயிட்டாரு."

"கூட நின்னவரு இருக்காருல்ல?"

மறுநாள் மரமுளையை மடியில் செருகிக்கொண்டு மஸ்தான் கம்பைநல்லூர் பஸ்ஸைப் பிடித்தார். வெங்கடாசலம் வயலில் இருந்தான். முளையைப் பார்த்ததும் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டான்.

"கடைக்கு வெக்கிற மரத்துக்கு இந்த விசாரணை எதுக்குங்க பாய்?"

பொய் இதற்கு மேல் தாங்கவில்லை. "உங்க தங்கச்சி வாசலுக்குத்தாங்க" என்று சொல்லிவிட்டார்.

அடிக்க வருவான் என்று நினைத்தார். அவனோ அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டான்.

"நஞ்சம்மா கல்யாணம் நிச்சயமான வருசம். கடலைக்காயை நம்பித்தான் கல்யாணமே. காய் புடிக்கிற நேரத்துல ஒரு தூணு அடியில கரையான் அரிச்சுச் சாஞ்சிருச்சு. தண்ணி இல்லாம கடலைக்கொடி வாடுது. வேற மரத்துக்கு அலைய நேரமில்ல. அப்பா அரிச்ச அடிய அறுத்துப் போட்டாரு. அடிப்பக்கம் நைஞ்சு போச்சு, திரும்ப மண்ணுல நிக்காதுன்னு நுனிய உள்ள வெச்சு நட்டாரு. பழைய துளைய முளையடிச்சு மூடிட்டு, மேல புதுசா ஒண்ணு போட்டாரு. நானும் அவரும் மட்டுந்தான். 'ஆருகிட்டயும் மூச்சு விடாத'ன்னாரு. கைய மண்ணுல வெச்சுக்கிட்டே அழுதாருங்க பாய்."

"காய் நல்லா வந்துச்சா?"

"வந்துச்சு. கல்யாணமும் ஜோராத்தான் நடந்துச்சு. பொறவு கெணறு வத்துச்சு. மாடு செத்துச்சு. எல்லாம் அந்தத் தூணாலதான்னு நெனச்சுக்கிட்டே அப்பா போய்ச் சேந்தாரு. அந்த மரத்த அவ வாசல்ல நிறுத்தச் சொல்றீங்களா? எதுக்கு வேண்டாம்னேன்னு சொன்னா அப்பா பேரு போயிரும். சொல்லாட்டி நான் பிசினாறி. இருந்துட்டுப் போறேன்."

மஸ்தான் திரும்பி வந்தார். ஆனால் தெளிவாக வரவில்லை. தெரியாமல் இருந்தபோது ஒரு குழப்பம், தெரிந்த பிறகு அதைவிடப் பெரிய குழப்பம். சொன்னால் அவள் மனசில் அப்பா சரிவார். சொல்லாவிட்டால் அண்ணன் எழுந்திருக்கவே மாட்டான். மரத்தை மாற்றிவிடலாமா என்றுகூட யோசித்தார். வேறொரு வேங்கையை வைத்தாலும் நஞ்சம்மாள் கண்டுபிடிக்க மாட்டாள். ஆனால் கை வரவில்லை. இரண்டும் அப்பா மரம்தான் என்று மட்டும் நஞ்சம்மாளிடம் சொல்லிவிட்டு, நிலைக்கு வேண்டிய அளவில் இரண்டையும் அறுத்து இழைத்து வைத்தார்.

நிலை வைக்கும் நாள் வந்தது. மஞ்சள், குங்குமம், பூ எல்லாம் தயார். பிறந்தவீட்டுச் சீர் வைக்கும் மணைப்பலகை மட்டும் காலியாகக் கிடந்தது. நஞ்சம்மாள் அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

"பாய், எது அடின்னு இன்னும் நீங்க சொல்லவேயில்ல" என்றாள்.

மஸ்தான் வாயைத் திறப்பதற்குள் தெருமுனையிலிருந்து சத்தம் கேட்டது. வெங்கடாசலம் மூச்சிரைக்க ஓடிவந்தான். கையில் தட்டு இல்லை, தேங்காய் இல்லை.

"அந்த மரத்த வெக்காதீங்க!"

"குடுக்கத்தான் மனசில்ல, இப்ப தடுக்கவும் வந்துட்டியா?" நஞ்சம்மாளின் குரல் உடைந்தது. "எங்கப்பன் மரம் என் வாசல்ல நின்னா உனக்கு என்ன கொறஞ்சு போவுது?"

வெங்கடாசலத்துக்குக் கண் நிரம்பி நின்றது. திட்டட்டும் என்று தலையைக் கொடுத்துவிட்டு நின்ற அந்த மனுஷனைப் பார்த்ததும் மஸ்தானுக்குப் பொறுக்கவில்லை. செய்வது சரியா தப்பா என்று அப்போதும் அவருக்குத் தெரியாது. மரமுளையை எடுத்து நஞ்சம்மாள் கையில் வைத்து, கடலைக்கொடி வாடியதில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

நஞ்சம்மாள் முளையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

"கொட்டகைக் காலுக்குக்கூடச் சம்மதிக்காத மனுஷன்" என்றாள், யாரிடம் என்றில்லாமல். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினாள். "என் கல்யாணத்துக்காகத்தான அந்த மரம் இத்தன வருசம் தலைகீழா நின்னுச்சு? என் வாசல்லயாவது நேரா நிக்கட்டும். நீயே தூக்கி வெய்யி."

வெங்கடாசலம் மஸ்தானைப் பார்த்தான். மஸ்தான் அடிப்பக்கம் சுண்ணாம்பில் ஒரு கோடு போட்டுக் காட்டினார். அண்ணன் அடியைப் பிடிக்க, தங்கை நுனியைத் தாங்க, மரம் சுழன்று நிமிர்ந்தது. தலைகீழாக நட்டபோது புதிதாகப் போட்ட துளை இப்போது முழங்கால் உயரத்துக்கு இறங்கியிருந்தது. நஞ்சம்மாள் கையிலிருந்த முளையை வாங்கி, மஸ்தான் அதில் வைத்து அடித்தார். கச்சிதமாக உட்கார்ந்தது.

மேலே இருந்த பழைய துளையை அடைக்க அவர் சக்கையைத் தேடினார். நஞ்சம்மாள் தடுத்துவிட்டாள். அப்போதுதான் அவரும் கவனித்தார். முதல் காலின் துளையும் இதன் துளையும், ஒரு காலத்தில் ஒரே அச்சைத் தாங்கிய இரண்டும், வாசலுக்குக் குறுக்கே ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன.

அவள் மாவிலைத் தோரணத்தின் கயிற்றை ஒரு துளையில் விட்டு, மறுமுனையை அண்ணனிடம் நீட்டினாள். அவன் அதை எதிர்த்துளையில் கோத்து இழுத்துக் கட்டினான். கயிறு ஏற்றம் இறக்கம் இல்லாமல் நேராக நின்றது.