விடுங்க

கடலில் பெரிய பட்டத்தைப் பிடித்துக்கொண்டு பலகையில் சறுக்கும் விளையாட்டைக் கற்றுத்தரும் பள்ளி எங்களுடையது. முதலாளி அண்ணன், ஆசிரியை நான். தண்ணீரில் இறங்கும் முன் எவராக இருந்தாலும், கண்ணை மூடிக்கொண்டு மார்பிலுள்ள சிவப்புப் பிடியை மூன்று முறை இழுத்துக் காட்ட வேண்டும். அதை இழுத்தால் பட்டத்தின் பிடியிலிருந்து ஆள் விடுபடுவார். நான் போட்ட சட்டம் அது. அன்று காலை மீறியதும் நானேதான்.

பல் டாக்டர் அம்மாவுக்கு முதல் வகுப்பு. “மொட்டைமாடியில நான் விடாத பட்டமா?” என்று பெருமையடித்தார்.

அண்ணனுக்கு எப்போதும் காலில் வெந்நீர். “காத்து ஏறுதும்மா. பத்து மணிக்கு அடுத்த நாலு பேர். அதெல்லாம் தண்ணியிலயே பழக்கிக்க” என்றான். எரிச்சலாக வந்தது. ஆனாலும் பூம்பூம் மாடாகத் தலையாட்டினேன்.

இடுப்பளவு தண்ணீர். காற்று போகும் திசையில் நூறடி தள்ளிக் கற்சுவர். பட்டம் தலைக்கு மேலே நின்றவரை பயமில்லை. திடீரென்று காற்று வலுத்தது. டாக்டர் பதறிப்போய்க் கையிலிருந்த கம்பியை நெஞ்சோடு இழுத்தார். இழுத்தால் பட்டத்துக்கு வேகம் கூடும், கையை எடுத்தால் அடங்கும்.

“விடுங்க” என்று கத்தினேன். இன்னும் இழுத்தார்.

“விடுங்க டாக்டர், விடுங்க.”

முழு பலத்தோடு இழுத்தார். பட்டம் அவரை வாரிக்கொண்டு போனது. பாய்ந்து அவருடைய இடுப்புப் பட்டையைப் பின்னாலிருந்து பிடித்தேன். என்னையும் சேர்த்து இழுத்தது. கால் தரையில் பாவவில்லை. சுவரில் ஒட்டியிருந்த சிப்பிகள் தனித்தனியாகத் தெரிந்தன. ஒரு உயிரைக் கொல்லப்போகிறேன் என்று நினைத்தேன். அவர் மார்புப் பக்கம் கையால் துழாவினேன். இரண்டு தடவை தவறியது. மூன்றாவது தடவை பிடி சிக்கியது, இழுத்தேன். பட்டம் துவண்டு விழுந்தது. டாக்டரின் முழங்கால் சுவரில் உரசியபடி நின்றோம்.

கரைக்கு வந்ததும் டாக்டர் பல் தந்தியடித்தபடி சொன்னார்: “நீங்கதானே விடுங்கன்னீங்க? பட்டத்தைத்தான் விடச் சொல்றீங்கன்னு நெனச்சேன். கீழ வந்தா இழுத்து இழுத்துத்தானே விடுவோம்?”

எனக்கு மண்டையில் அடித்த மாதிரி இருந்தது. பட்டம் விடுவது என்றால் பறக்கவிடுவதுதானே? ஆறு வருடமாக இந்தச் சொல்லைத்தான் கத்திக்கொண்டிருக்கிறேன். கரையில் ஒருமுறை பழக்கியிருந்தால் குழப்பம் அங்கேயே தெரிந்திருக்கும்.

“சிராய்ப்புதானே. முகத்தைத் தொடச்சிட்டு வா, அவங்க வந்துட்டாங்க” என்றான் அண்ணன்.

நான்கு பேர் மேஜையில் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். சொட்டச் சொட்ட அவர்கள் முன்னால் போய் நின்று, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். மூன்று பேர் பேனாவை வைத்துவிட்டு எழுந்தார்கள்.

“கடையை மூடிட வேண்டியதுதான்” என்றான் அண்ணன்.

“மூடலாம்” என்றேன்.

உள்ளே டாக்டரின் முழங்காலுக்கு மருந்து போட உட்கார்ந்தேன். பஞ்சை அவரே வாங்கிக்கொண்டார்.

“ஒத்துக்குமான்னு கேக்காம நான் ஒருத்தருக்கு மரப்பு ஊசி போட்டா, என் பட்டத்தையே பிடுங்கிடுவாங்க” என்றார், சிரிக்காமல். “உங்களை யார் கேக்கறாங்க?”