தவக்கால வெள்ளியில் கறிக்குழம்பு

2025ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 21ஆம் நாள், வெள்ளிக்கிழமை. வானம் வெளிறிக் கிடந்தது. நண்பகல் கடந்தும் கடற்காற்று எழவில்லை.

சாத்தாங்காட்டு இரும்புக் கடையில் அரைநாள் விடுப்புப் பெற்று, இராயபுரத்தில் வாழும் என் தமக்கை ரோஸ்மேரியைக் காணச் சென்றேன். மாடிப்படியில் ஏறும்பொழுதே ஆட்டுக்கறிக் குழம்பின் மணம் எதிர்கொண்டது. ஈஸ்டருக்கு முன் நோன்பிருக்கும் தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் முட்டையைக்கூட வீட்டிற்குள் அனுமதியாதவள் என் தமக்கை. என் கால்கள் படியிலேயே நின்றுவிட்டன.

பதினாறாம் வயதில் எனக்கும் இவ்வாறே ஒரு விருந்து படைக்கப்பட்டது. பள்ளிக்குச் செல்லாமல் ஊர் சுற்றினேன் என்பது என்மீதிருந்த குற்றம். காட்டுப்பள்ளிக்கு அப்பாலிருந்த சீர்திருத்த இல்லத்தார் பெற்றோருக்கு ஓர் அறிவுரை வழங்குவர்: பிள்ளைக்குப் பிடித்ததை வயிறாரக் கொடுங்கள், ஐயம் எழாது, அப்பொழுது நாங்கள் வருவோம். என் கை உலருமுன் அவர்களுடைய வண்டி வாசலுக்கு வந்திருந்தது.

கூடத்தில் ரோஸ்மேரியின் மகள் ஜெஸ்லின் உண்டுகொண்டிருந்தாள். அவளுக்கும் இப்பொழுது வயது பதினாறு.

"வா சித்தி! மம்மி கறி ஆக்கிக்கீது. இன்னா மம்மி, ஈஸ்டர் அதுக்குள்ள வந்துருச்சான்னு கேட்டேன், மொறைக்கிது."

நான் சமையலறைக்குள் சென்றேன்.

"வண்டி எத்தினி மணிக்குக்கா?"

ரோஸ்மேரியின் கையிலிருந்த கரண்டி அசைவற்று நின்றது. "யார் சொன்னா ஒனக்கு?"

"கொயம்பு சொல்லிச்சு."

"நான் இன்னாடி பண்றது?" என்றாள் தாழ்ந்த குரலில். "இஸ்கூலுக்குப் போறேன்னுட்டு வண்ணாரப்பேட்டைல அந்த ஷிபின் பையனோட சுத்திக்கினு கீறா. அவ அப்பன் கப்பல்ல கீறாரு. நீ அங்க போனதாலதான உருப்பட்ட? பிளஸ் டூ பாஸாயி, மேடைல பேசற மாரி பேசற."

"அது முப்பது வயசுல நானா படிச்சது. அங்க எனக்குக் கெடச்சது செவுரும் ரப்பர் டியூபும்தான்."

"ஒண்ண ஒம்போதாக்கி சொல்லுவ நீ."

பல ஆண்டுகளாகச் சொல்லி வந்தேன்; அவள் நம்பியதில்லை. சொல்லிச் சொல்லி எனக்கே சலித்துவிட்டது.

அப்பொழுது கீழே வண்டி வந்து நின்றது. படியேறி வந்தவர் இல்லத்தை நடத்தும் அலெக்ஸாண்டர் சார். தலை முழுதும் நரைத்திருந்தது. நான் விரைந்து சென்று வாசலை மறித்து நின்றேன்; ரோஸ்மேரியும் என் பின்னால் வந்தாள்.

"யாரு, டெபோராவா? பாத்தீங்களாம்மா, நம்ம வளர்ப்பு! நகரும்மா."

"மாட்டேன் சார்."

அவர் குரலை உயர்த்தவில்லை. "டெபோரா. செவுரு."

இல்லத்தில் அச்சொல்லைக் கேட்டவுடன் கைகளைப் பின்னால் கட்டிச் சுவரை நோக்கி நிற்றல் வேண்டும். தாமதித்தால் இரப்பர்க் குழாயால் அடி விழும். எனக்கு வயது முப்பத்து நான்கு. திரும்பக்கூடாது என்று நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் என் நெற்றி சுவரில் பட்டிருந்தது. கைகள் பின்னால் கட்டுண்டிருந்தன.



"இன்னா பண்ண என் தங்கச்சிய?" ரோஸ்மேரியின் குரல் கரகரத்தது.

"ஒழுக்கம்மா. இன்னும் மறக்கல பாருங்க."

"வெளிய போ."

"அம்மா, கோவத்துல முடிவெடுக்காதீங்க. பொண்ணோட எதிர்காலம்…"

"எம் பொண்ணு வரமாட்டா. போறியா, தெருவையே கூட்டட்டா?"

காலடி ஓசை படியிறங்கிச் சென்றது. நான் அங்கேயே நின்றேன். மிகுந்த களைப்பாக இருந்தது.

"சித்தி, அந்தாளு பூட்டான்," என்றாள் ஜெஸ்லின்.

"திரும்பலாமா?" என்று சுவரைப் பார்த்தபடியே கேட்டேன்.

ரோஸ்மேரி அழுதாள். குழம்பு மணக்கும் கையால் ஜெஸ்லின் என் கட்டிய கைகளைப் பிரித்தாள்.

"திரும்பு சித்தி."

கீழே வண்டி புறப்பட்டது. நான் திரும்பியபொழுது பிற்பகல் மணி மூன்று நாற்பது.