பன்னிரண்டாம் படியில் இரண்டாயிரம் ஜூல்

1

இந்தக் கதை ஒரு பள்ளிக்கூடக் கணக்கிலிருந்து பிறந்தது. நூறு கிலோ பாரத்தை இரண்டு மீட்டர் உயரத்துக்கு ஏற்றினால் அதில் சேரும் நிலையாற்றல் எவ்வளவு? சுமார் இரண்டாயிரம் ஜூல். அங்கேயே அசையாமல் அதைத் தாங்கி நிற்பவர் செய்யும் வேலை? பூச்சியம். அந்தப் பூச்சியத்தைக் கண்டு பயந்துதான் எழுத உட்கார்ந்தேன். (இதில் பாதி பொய். மூன்றாம் பகுதியில் ஒத்துக்கொள்கிறேன்.)

2

இயற்பியல் வாத்தியார் வீட்டு இரும்புப் பீரோ மாடிக்குப் போயாக வேண்டும். மேலே மைத்துனன் கயிறு கட்டி இழுக்கிறான். கீழே வாத்தியார் தோள் கொடுக்கிறார்.

"ஒரே மூச்சா ஏத்திடலாம் மச்சான்."

"அவசரப்படாத மாப்ள. எப்படி ஏத்தினாலும் வேலை ஒண்ணுதான். நேரம் கூடினா குறைஞ்ச திறன் போதும். நின்னு நின்னு போலாம்."

"பரீட்சை வைக்காம ஒழுங்காப் பிடிங்க."

வகுப்பறையில் அது சரியான விடை. படிக்கட்டில் நிற்பது ஓய்வு அல்ல. பன்னிரண்டாம் படியில் நிறுத்தினார்கள்.

"கை வழுக்குது மச்சான். மேல போய் ஒரு சாக்கு எடுத்துட்டு வரேன். ரெண்டு நிமிஷம் தாங்குவீங்களா?"

"போய்ட்டு வா. அசையாம நிக்கிறதுக்குப் பேரு வேலையே இல்ல" என்று வாத்தியார் சிரித்தார்.

மைத்துனன் கயிற்றைக் கைப்பிடிக் கம்பியில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனான்.

3

அந்த மைத்துனன் நான்தான். வாத்தியார் என் அக்காவின் கணவர். நான் மாடி அறையில் இருந்தபோது அவருக்குள் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. தெரியாததால்தான் உள்ளே புகுந்து எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் தொடை நடுங்கியது. பிறகு கயிறு, கம்பியில் மெல்ல வழுக்கியது. பீரோ ஒரு விரற்கடை இறங்கி அவர் தாடையைத் தொட்டது. அப்போது கீழிருந்து அக்காவின் குரல்.

"என்னங்க, சத்தத்தையே காணோம்? தண்ணி கொண்டு வரவா?"

வேண்டாம் என்று சொல்ல வேண்டும். சொல்ல மூச்சு வேண்டும். மூச்சை விட்டால் தோள் இறங்கிவிடும். அவர் வாயைத் திறந்து

(இந்த வாக்கியத்தை ஏழு முறை தொடங்கிவிட்டேன். இதற்கு மேல் போகவில்லை.)

4

முடிவு ஒன்று: நான் சாக்கோடு ஓடி வந்து கயிற்றைப் பற்றுகிறேன். மூவரும் சிரிக்கிறோம். எழுதியதும் கிழித்துப் போட்டேன். நான் அவ்வளவு வேகமாக ஓடியவன் அல்ல.

முடிவு இரண்டு: அக்கா சொம்போடு முதல் படியில்

வேண்டாம்.

இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். சாக்கு உடனே கிடைத்துவிட்டது. அக்கா கேட்டது என் காதிலும் விழுந்தது. "வராதக்கா" என்று மேலிருந்து ஒரு வார்த்தை போதும். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. நண்பன், சும்மாதான் கூப்பிட்டான். இரண்டு நிமிஷத்தில் இன்னும் மிச்சம் இருப்பதாக நினைத்து, எடுத்துப் பேசினேன்.

எத்தனை முறை எழுதினாலும் நான் இன்னும் அங்கே பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். அவர் வாயைத் திறக்க முடியாமல் நிற்கிறார். அக்கா ஏறத் தொடங்கிவிட்டாள். நடுவில் யாராவது குரல் கொடுக்க வேண்டும். படித்துக்கொண்டிருப்பது நீங்கள்தான். கொடுங்கள்.