மாடிக் கச்சேரிக்கு ஒரு துணை

"இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டுடா, அவுந்துக்கப் போவுது" என்று மகனிடம் சொன்னாள் நீலாம்பாள்.

குமாரவேல் அப்பாவின் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துப் பிடித்து, துணிக் கிழிசலால் மறுபடியும் கட்டினான். முதல் கட்டு வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. எழுபத்திரண்டு வயது வரை ஒரு நிமிடம் சும்மா இருந்தறியாத கால்கள் அவை. குழித்தறியில் உட்கார்ந்து மிதிகட்டையை மிதித்து மிதித்து, தறியை விட்டு எழுந்த பிறகும் மிதித்துக்கொண்டே இருக்கும். தலைமாட்டு விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த மருமகள் ஏலவார்குழலிக்கு, இந்தக் கால்களைக் கட்டிப்போட எமனே வரவேண்டியதாயிற்று என்று தோன்றியது. சாவு வீட்டில் இப்படியெல்லாமா நினைப்பார்கள் என்று உடனே தன்னையே வைதுகொண்டாள்.

பஞ்சாட்சர முதலியார் காலையில் காப்பி குடித்தார். சர்க்கரை குறைச்சல் என்று மருமகளிடம் குறை சொன்னார். தறிக்குப் போக எழுந்தவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார், அவ்வளவுதான். பேரன் பேத்தி பார்த்து, படுக்கையில் விழாமல், ஒருவர் கையையும் எதிர்பார்க்காமல் போய்ச் சேர்ந்த மனிதர். பிள்ளையார்பாளையமே "கல்யாணச் சாவு" என்று சொல்லிக்கொண்டு வந்து போனது.

ஏலவார்குழலி நன்றாகவே அழுதாள். தகப்பனைப் போல இருந்தவர். ஆனால் அழுகைக்கு நடுவில் வேறொரு நினைப்பும் வந்து வந்து போயிற்று. இன்றைக்குச் சனிக்கிழமை.

சனிக்கிழமை சாயந்திரம் என்றால் மாணிக்கவாசகம் ஜவுளிக்கடை மாடியில் கச்சேரி. கடைக்காரர் பாட்டுப் பைத்தியம். சரக்கு அடுக்கும் அறையை ஒதுக்கி ஜமக்காளம் விரித்துவிடுவார். நாற்பது பேர் உட்கார்ந்தால் முட்டியோடு முட்டி இடிக்கும். மேடையும் கிடையாது, மைக்கும் கிடையாது. மெட்ராஸிலிருந்து பஸ் ஏறி வரும் இளம் வித்வான்கள் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து பாடுவார்கள். பாட்டு உச்சத்துக்குப் போகும்போது கழுத்து நரம்பு புடைப்பது தெரியும். சுருதி பிசகினால் அவர்கள் நாக்கைக் கடித்துக்கொள்வதும் தெரியும். கடைசிப் பஸ்ஸைப் பிடிக்கவேண்டும் என்று மங்களத்தை விழுங்கிவிட்டு ஓடுகிறவர்களும் உண்டு. வீட்டில் ரேடியோ இருக்கும்போது அங்கே போய் ஏன் நெரிபட வேண்டும் என்று யாராவது கேட்டால், "ரேடியோல பாடறவன் மூச்சு வாங்கறது கேக்குமா?" என்பார் பஞ்சாட்சரம்.

ஏலவார்குழலி அங்கே போக ஆரம்பித்ததே ஒரு திருட்டுத்தனம்தான். ஒன்பது வருடங்களுக்கு முன், புது மருமகளாக இருந்த சமயம், புளி வாங்கப் போனவள் அந்தக் கடையின் மாடிப்படிக்குக் கீழே பையும் கையுமாக நின்றுவிட்டாள். மேலே யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். கச்சேரி முடிந்து இறங்கிய மாமனார் அவளைப் பார்த்தார். அடுத்த சனிக்கிழமை வீட்டில் ஓர் அறிக்கை விட்டார். "தரையில உக்காந்தா கால் மரத்துப் போவுது. படி எறங்கறப்ப புடிச்சிக்க ஒரு ஆள் வேணும். இந்தப் பொண்ணு வரட்டும்."

மகன் வேலையிருக்கிறது என்றான். மாமியார் முணுமுணுத்தாள். பெரியவர் விழுந்து தொலைத்தால் யார் பார்ப்பது என்று கடைசியில் விட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து ஒரு சனிக்கிழமை தப்பாது. பெண்களுக்கு என்று கதவோரம் விட்டிருந்த இடத்தில் உட்கார்ந்து அவள் பாட்டைக் கேட்பாள். அப்படியே மாமனாரின் காலையும் பார்ப்பாள். எல்லாரும் கையால் தாளம் போட்டால் அவர் காலால் போடுவார். நெசவுக்காரருக்குத் தாளம் காலில்தான் இருக்கிறது என்பது அவர் கட்சி. முன்னால் உட்காருகிற எண்ணெய்க்கடைக் கண்ணாயிரத்தின் முதுகில் அத்தனை உதையும் விழும். வாராவாரம் இருவருக்கும் சண்டை. வாராவாரம் கண்ணாயிரம் அதே இடத்தில்தான் வந்து உட்காருவார்.

இன்று சாயந்திரம் வீணைக் கச்சேரி. பதினைந்து நாளாக அவள் காத்திருந்தது. அது போனால் போகட்டும். இனிமேல் எந்தச் சனிக்கிழமையும் கிடையாதே என்பதுதான் அவளை உலுக்கியது. பிடித்துக்கொள்ள மாமனார் இல்லாமல், குடும்பப் பெண்ணை எவன் கடை மாடிக்கு அனுப்புவான்? தன் அழுகையில் மாமாவுக்கு எவ்வளவு, பாட்டுக்கு எவ்வளவு என்று அவளுக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

மத்தியானம் ஓதுவார் வந்தார். தீட்சை வாங்கிய குடும்பம் என்பதால், குளிப்பாட்டுவதற்கு முன் சுண்ணம் இடிக்கவேண்டும். ஓதுவார் பாடப் பாட, வீட்டுப் பெண்கள் உரலில் மஞ்சளை இடிப்பார்கள். அந்தப் பொடியைப் பூசித்தான் பெரியவரைக் குளிப்பாட்டுவது.

உரலைச் சுற்றி மூன்று பெண்கள் உலக்கையோடு நின்றார்கள். ஓதுவார் ஆரம்பித்தார். பாட்டு ஒரு பக்கம் போனது, உலக்கைகள் ஒரு பக்கம் போயின. ஒன்றோடொன்று மோதி ஒரு முறை மஞ்சள்கட்டை தெறித்து ஓதுவாரின் மடியில் விழுந்தது. அவர் நிறுத்தினார். மறுபடி ஆரம்பித்தார். மறுபடி நிறுத்தினார்.

ஏலவார்குழலியால் பொறுக்கமுடியவில்லை. மாமா இருந்தால் இந்நேரம் கத்தியிருப்பார். எழுந்து போய் ஒருத்தியிடமிருந்து உலக்கையை வாங்கிக்கொண்டாள்.

"நான் போட்டதும் நீ போடுக்கா. நீ போட்டதும் அவங்க. அவசரப்படாதீங்க" என்றாள்.

ஓதுவார் எடுத்தார். தொம், தொம், தொம் என்று மூன்று உலக்கைகளும் வரிசையாக விழுந்தன. பாட்டு அவற்றின்மேல் ஏறி உட்கார்ந்தது. ஓதுவாருக்கு உற்சாகம் வந்து குரலை ஒரு படி தூக்கினார். அவளும் விடவில்லை. இடையில் உரலின் விளிம்பில் உலக்கைப் பூணால் லேசாக ஒரு தட்டு தட்டி, சரியாகச் சுழன்று வந்து இடத்தில் இறக்கினாள்.

"பலே!" என்று ஒரு சத்தம்.

வீடே திரும்பிப் பார்த்தது. வாசலில் மாலையும் கையுமாக நின்ற கண்ணாயிரம், தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார்.

"மன்னிச்சிக்கோங்கக்கா, பழக்கதோசம்" என்று நீலாம்பாளைப் பார்த்துக் கும்பிட்டார்.

நீலாம்பாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அவரும் இப்படித்தான் கத்துவாரா?"

"இது இன்னாக்கா! இதுக்கு மேல கத்துவாரு. கூடவே முதுகுல ஒதை விழும்." கண்ணாயிரம் மாலையைப் போட்டுவிட்டு, கட்டிப்போட்டிருந்த கால்களைப் பார்த்ததும் உடைந்துபோனார். "எவ்ளோ தெம்பான காலு! கச்சேரி முடிஞ்சா படியில ரெண்டு ரெண்டா தாவி எறங்குவாரு. பாவம் இந்தப் பொண்ணு, புடிக்கமுடியாம பின்னால ஓடியாரும்."

ஏலவார்குழலியின் கையில் உலக்கை அப்படியே நின்றது. குமாரவேல் அவளைத் திரும்பிப் பார்த்தான். மாமியாரும் பார்த்தாள். கண்ணாயிரம் மட்டும் ஒன்றும் புரியாமல் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

"பாட்டு நிக்குது பாருங்க. இடிங்கம்மா" என்றாள் நீலாம்பாள்.

பெரியவரைக் குளிப்பாட்டி, திருநீறு பூசி, ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டுத் தலைமுழுகினார்கள். கிணற்றடியில் மாமியாரும் மருமகளும் மட்டும் மிஞ்சினார்கள்.

"கால் மரத்துப் போறதுன்றது பொய்யா?" என்றாள் நீலாம்பாள்.

"ஆமா அத்தே."

"ஒம்போது வருசமாவா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நானும் ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை நல்லெண்ணெ காய்ச்சி அந்தக் காலுக்குத் தேச்சிக்கினு இருந்தேன். சொகமா காட்டிக்கினு கெடந்தாரு, அயோக்கியன்" என்ற நீலாம்பாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வேகத்திலேயே கண்ணில் நீர் முட்டியது. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "என்னை ஏன் ஒரு நாள்கூட கூப்புடல?"

"உங்களுக்குப் பாட்டுன்னா தலைவலின்னு சொல்வாரு அத்தே."

"யாரு சொன்னதாம்?"

"நீங்கதான் சொன்னீங்களாம்."

நீலாம்பாள் கிணற்றுக் கயிற்றைச் சுருட்டினாள். சுருட்டியதைப் பிரித்து மறுபடியும் சுருட்டினாள்.

"சொன்னேன். கல்யாணமான புதுசு. உற்சவத்துக் கச்சேரிக்கு வாடின்னு கூப்ட்டாரு. எம் மாமியார் அடுப்பாண்ட நின்னு என்னையே பாத்துக்கினு இருந்தாங்க. பயத்துல தலைவலின்னுட்டேன். மனுசன் அதையே நம்பிட்டாரு. அப்புறம் கூப்புடவே இல்ல. நானும் போய்ச் சொல்லல."

ஏலவார்குழலி மாமியாரின் ஈரத் தலையில் துண்டைச் சுற்றிவிட்டாள்.

விளக்கு வைத்த பிறகு குமாரவேல் சுடுகாட்டிலிருந்து வந்து குளித்தான். சம்பந்தி வீட்டிலிருந்து சோறு வந்திருந்தது. இலையில் உட்கார்ந்தவன் சோற்றில் கை வைக்கவில்லை.

"ஏம்மா, எண்ணெய்க்கடைக்காரரு சொன்னது நெசமா?"

"நெசந்தான்."

"ஒம்போது வருசமா நம்மள ஏமாத்திக்கினு..."

"ஏமாத்துனது உங்கப்பன். அவரைக் கேக்கறதுன்னா காலைல பால் தெளிக்கப் போறப்ப கேட்டுக்க. இப்ப நான் சொல்றதக் கேளு. கருமாதி முடியட்டும். அப்புறம் சனிக்கெழமைன்னா நீயே சோத்த எடுத்துப் போட்டுக்க. புள்ளைங்களுக்கும் போடு. நாங்க ரெண்டு பேரும் வூட்ல இருக்கமாட்டோம்."

"ரெண்டு பேருமா? தாலியறுத்தவ பாட்டுக் கேக்கப் போறான்னு ஊர்ல பேசமாட்டாங்களாம்மா?"

"ஊருக்குத் தலைவலி வந்தா சுக்கு அரைச்சிப் போட்டுக்கட்டும்."

குமாரவேல் அம்மாவைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான். பிறகு குனிந்து சோற்றைப் பிசைந்தான்.

"ரசம் எடுத்தாரட்டா?" என்று கேட்டபடி ஏலவார்குழலி எழுந்தாள்.

"அவன் எடுத்துப்பான். நீ வா" என்றாள் நீலாம்பாள்.

சுவரோரம் விரித்திருந்த பாயில் கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் ஓர் ஆள் உட்கார இடம் விட்டாள்.