கூப்பிடாதவள்

அம்மாவின் தாடையைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டே பெரியவள் தங்கை மீது பாய்ந்தாள்.

“பக்கத்து ரூம்லதானேடி படுத்திருந்தேன்? மூச்சு இழுக்குதுன்னு தெரிஞ்சும் ஏன் கூப்பிடல?”

சின்னவள் கட்டிலின் மறுபக்கம் அம்மாவின் கையைப் பிடித்தபடி நின்றாள். கண்ணில் பொட்டுத் தண்ணீர் இல்லை.

“தோணல.”

“தோணலையா! கல்லு. பெத்த தாயா இருந்தா தோணியிருக்கும்.”

சொன்ன பிறகும் ஆத்திரம் அடங்கவில்லை. அம்மா கடைசியாகத் தன் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டாள். அதை இனி யார் திருப்பித் தருவார்கள்?

நாலு வயதில் அநாதை இல்லத்திலிருந்து வந்தவள் இவள். வந்த புதிதில் எந்த விருந்தாளி வந்தாலும் மடியில் ஏறி உட்கார்ந்துகொள்வாள்; பால்காரர் கூப்பிட்டால் அவரோடும் கிளம்பிவிடுவாள். ஆனால் காய்ச்சலில் உடம்பு கொதித்தாலும் வாய் திறக்க மாட்டாள். இல்லத்தில் கூடம் நிறையத் தொட்டில்களாம், ஒரே ஒரு ஆயாவாம். புட்டியைச் சுருட்டிய துணியில் சாய்த்து வாயில் வைத்துவிட்டுப் போய்விடுவாளாம்.

“அழுது பார்த்திருக்கா. யாரும் வரலைன்னதும் விட்டுட்டா. நாமதான் போய்ப் பார்க்கணும்” என்பாள் அம்மா. பெரியவள் கூப்பாடு போட்டால் ‘இரு, வரேன்’ என்பவள், சத்தமே போடாத இவளை மட்டும் அடிக்கொரு தரம் எட்டிப் பார்ப்பாள். பெரியவளுக்கு அப்போதே பற்றிக்கொண்டு வரும்.

அதெல்லாம் தெரிந்தும், தூக்கம் கண்ணைச் சொருகியதென்று இவளை அம்மாவுக்குக் காவல் வைத்துவிட்டுப் போய்ப் படுத்தாளே! போயும் போயும் இவளையா!

சவ வண்டி கிளம்பியது. பெரியவள் காரில் ஏறினாள். சின்னவள் மறுபக்கக் கதவைத் திறந்தாள்.

“என் வண்டில ஏறாத. வேற யாரோடயாவது வா. உனக்குத்தான் எல்லாரும் ஒண்ணாச்சே!”

எட்டிக் கதவை அறைந்து சாத்தினாள். சாவியைத் திருகினாள். சின்னவள் காரோடு ஒட்டி நின்றாள்.

“நகருடி!”

நகரவில்லை. திமிரைப் பார் என்று பெரியவள் இறங்கிச் சுற்றி வந்தாள். கதவிடுக்கில் சின்னவளின் இரண்டு விரல்கள் மாட்டியிருந்தன. ரத்தம் கதவில் வழிந்தது. முகம் எப்போதும்போல் இருந்தது.

“அடிப்பாவி! கத்தித் தொலைக்க வேண்டியதுதானே? வாயை என்ன தச்சா வெச்சிருக்கு?”

“நீ கோவமா இருந்த.”

பெரியவள் கதவைத் திறந்தாள். சின்னவள் விரல்களை மடக்கிக்கொண்டு, சொன்னபடியே, முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் காரை நோக்கி நடந்தாள்.

பெரியவள் அவள் தோளைப் பிடித்து இழுத்து வந்து முன் இருக்கையில் தள்ளினாள். கதவைச் சாத்துமுன் குனிந்து, அவளுடைய இரண்டு கைகளும் மடியில் இருக்கின்றனவா என்று பார்த்தாள்.