தோல் எரியாத நெருப்பு

இருபது வருடமாகக் கூஃபா நகரில் தோல் விற்கிறேன். நாய் மலமும் புறா எச்சமும் கரைத்த தொட்டியில் ஆட்டுத்தோலை ஊறப்போட்டுவிட்டு, அதன் ஓரத்திலேயே உட்கார்ந்து ரொட்டி தின்கிறவன் நான். எனக்கே குமட்டல் வந்த கதை இது.

அந்த வருடம் ஊரெங்கும் ஓதல் சண்டை. இறைவசனத்தை ஆளாளுக்கு ஓர் ஆசிரியரிடம் கற்றிருந்தார்கள். எழுதி வைத்த ஏடுகளில் அத்தியாயங்களின் வரிசை மாறியிருந்தது. அங்கங்கே உச்சரிப்பும் மாறியிருந்தது. என்னுடையதுதான் சரி, உன்னுடையது கோணல் என்று பள்ளிவாசல் முற்றத்தில் பேரீச்சை வியாபாரிகளைப்போலக் கூவினார்கள். போர்முனைக்குப் போனவர்கள் எதிரியை மறந்து ஒருவரையொருவர் காஃபிர், மார்க்கத்தை மறுத்தவன் என்று ஏசிக்கொண்டு திரும்பினார்கள். எங்கள் தெரு ஸிமாக் இதில் முதல் ஆள். வேறு மாதிரி ஓதினான் என்று ஒரு சிரியாக்காரனைச் செருப்பால் அடித்தவன்.

கடைசியில் மதீனாவிலிருந்து கலீஃபா ஒரு பிரதியையும், அதை ஓதிக்காட்ட ஓர் ஆளையும் அனுப்பினார். மற்ற ஏடுகளை எரித்துவிட வேண்டும் என்று ஆணை. எனக்கு அது சரியாகவே பட்டது. ஆளுக்கொரு எடைக்கல் வைத்திருந்தால் சந்தை எப்படி நடக்கும்?

ஒரே வாரத்தில் ஸிமாக் புதுப் பிரதிக்குக் காவலனாகிவிட்டான். பழைய ஏடுகளைத் திரட்டும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டு வீடு வீடாக ஏறினான். எல்லாரும் கொடுத்தார்கள், உமாமாவைத் தவிர. அவள் கணவன் ஜுன்துப் நஹாவந்த் போரில் இறந்தவன். மான்தோல் ஏடுகளில் அவன் எழுதி வைத்ததை எட்டு வருடமாகப் பொத்திக் காத்து வந்தாள்.

ஆணையை அவள் மறுக்கவில்லை. தன் கையாலேயே நெருப்பில் இடுவேன் என்றாள், அவ்வளவுதான். கூட்டத்தில் பெண்ணுக்கு என்ன வேலை என்றான் ஸிமாக். ஆளுநரிடம் பெயரைக் கொடுப்பேன் என்றும் மிரட்டினான். மூன்றாம் நாள் நான் குறுக்கே புகுந்தேன்.

"குடுத்துடுக்கா. ஒரு ஏடு மிச்சமில்லாம சாம்பலாகும். அதுக்கு நான் பொறுப்பு."

"நீ சொல்றதால குடுக்கறேன் தம்பி" என்றாள். பையைத் தரும்போது அதன் வாய்க்கயிற்றை ஒருமுறை அவிழ்த்து, மறுபடி முடிந்தாள்.

வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு மைதானத்தில் நெருப்பு மூட்டினார்கள். ஸிமாக் கண்ணீர் விட்டுக்கொண்டே கட்டுக் கட்டாகத் துணியில் பொதிந்து போட்டான். பெண்கள் தொலைவில் நின்றார்கள். நான் நெருப்பின் பக்கத்தில்தான் நின்றேன். தோல் எரிந்தால் மயிர் பொசுங்குகிற வாடை வரும். அன்றைக்கு வந்ததோ பேரீச்ச மட்டையும் கந்தலும் எரிகிற வாடை. மூக்குக்குப் புரிந்துவிட்டது. ஆனால் ஊரே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தது. ஸிமாக்கின் கை ஓங்கியிருந்த நேரம். எனக்கு எதற்கு வம்பு என்று வீடு போய்ச் சேர்ந்தேன்.

பத்து நாள் கழித்து ஸிமாக் என் கடைக்கு வந்தான், கக்கத்தில் ஒரு கட்டு. தவிட்டால் தேய்த்து எழுத்தைக் கழுவிக் காயவைத்த ஏடுகள். வியாபாரி புத்தி முந்திக்கொண்டது. ஓரம் சுருண்டிருக்கிறது, தவிடு ஒட்டியிருக்கிறது என்று பழுது சொல்லி விலையைப் பாதிக்குக் கொண்டுவந்தேன். மெலிவு பார்க்க ஒன்றை வெயிலில் பிடித்தேன். நடுவில் அம்பு துளைத்த ஓட்டை. அதைச் சுற்றி வளைந்து ஒதுங்கிப் போகும் வரிகள், துருப்பிடித்த மாதிரி மேலெழுந்து தெரிந்தன. ஜுன்துப் அந்த மான்தோலை வாங்கியது என்னிடம்தான். ஓட்டையைக் காட்டி விலை குறைக்கச் சொன்னவன் அவன்.

காலையில் தின்றது தொண்டைக்கு வந்தது.

"இது உமாமாக்காவோடதுடா."

"எழுத்தைத்தானே அழிக்கச் சொன்னாங்க? அழிச்சாச்சு. தோல் என்னண்ணே பாவம் பண்ணுச்சு?" என்றான், பல்லிடுக்கில் பேரீச்ச நாரைக் குத்திக்கொண்டே. "உங்களுக்கு வேணாம்னா செருப்புக்காரர் கேட்டிருக்காரு. உள்ளடிக்கு மெத்துனு இருக்குமாம்."

செருப்பின் உள்ளடிக்கு. அவன் முகத்தில் துப்பத் தோன்றியது, துப்பவில்லை. விழுங்கினேன். என் முகத்தை அவன் படித்துவிட்டிருந்தான். தான் முதலில் சொன்ன விலைக்கே திரும்பினான். மறுபேச்சில்லாமல் கொடுத்துக் கட்டை வாங்கினேன். போகும்போது எனக்காக இறைவனிடம் துஆ செய்வதாகச் சொன்னான்.

கட்டை உமாமாவிடம் கொண்டுபோனேன். அவன் செய்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். என்னைப் பற்றியதை மட்டும் விட்டுவிட்டேன். அவள் ரொட்டி அடுப்பை மூட்டி, ஏடுகளைத் தரையில் பரப்பி, புதுப் பிரதியில் உள்ள வரிசைப்படி அடுக்கினாள். எழுத்து மங்கிய இடங்களில் அவளுக்குத் தடங்கலே இல்லை, எல்லாம் மனப்பாடம். ஒவ்வொன்றாக ஓதி ஓதி உள்ளே இட்டாள். ஓட்டை விழுந்த ஏட்டைக் கடைசியில்.

வீடு முழுக்க மயிர் பொசுங்குகிற வாடை. அவள் மூக்கை மூடவில்லை. மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அன்னிக்கு இந்த வாடை வரலியே. நான் தள்ளி நின்னேன், எனக்குத் தெரியல. நீங்க பக்கத்துலதானே நின்னீங்க, தோல்காரரே?"

அதுவரை தம்பி என்றுதான் கூப்பிட்டவள்.

  கடைக்குத் திரும்பி, ஊறல் தொட்டியின் மூடியைத் திறந்து வைத்துவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்றைக்கு இந்தத் தெருவிலேயே அதுதான் கொஞ்சம் நல்ல வாடையாக இருந்தது.